வேப்பிலையைப் பார்த்துத் திரும்பியவர்

வேப்பிலையும் மஞ்சளும் சேர்த்து அரைத்த விழுது காயக் காயத் தோலைப் பிடித்து இழுக்கும். ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முன்னால் எனக்கு அம்மை போட்டபோது, திருநின்றவூர் ஏரியை ஒட்டிய எங்கள் வீட்டின் முன்னறையில், ஜன்னலுக்குக் கீழே, வேப்பிலை பரப்பிய பழைய புடவையின் மேல் ஒன்பது நாள் கிடந்தேன். சொறியக் கூடாது, கண்ணாடி பார்க்கக் கூடாது, அம்மை என்றுகூடச் சொல்லக் கூடாது. "ஆத்தா வந்துக்கீறா" என்றுதான் சொல்ல வேண்டும் என்பாள் அம்மா. இரும்புக் கேட்டில் ஒரு கொத்து வேப்பிலை கட்டியிருந்தாள். அதைப் பார்த்தால் பால்காரர்கூட உள்ளே வரமாட்டார்.

ஐந்து வயதுத் தங்கை மலருக்கு ஒட்டிக்கொள்ளப் போகிறதென்று, அவளைப் பக்கத்து வீட்டு ராணி அத்தையிடம் விட்டிருந்தார்கள். பெயருக்குத்தான் அத்தை, உறவு ஒன்றும் கிடையாது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து மலர் காலையும் மாலையும் ஒரே கேள்வியைக் கேட்பாள்: "யக்கா, உனக்கு எப்ப தண்ணி ஊத்துவாங்க?" எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் அவள் வீட்டுக்கு வரலாம்.

கேட்டில் வேப்பிலைக்குப் பக்கத்திலேயே "போலீஸ் நோட்டு" தொங்கும். அப்போது அந்த இடம் பாதி கிராமம். ஆண்கள் எல்லாம் காலை ரயிலைப் பிடித்து வேலைக்குப் போய்விடுவார்கள், பகல் திருட்டு சகஜம். அதனால் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு நோட்டு. ரோந்து வரும் போலீஸ்காரர் அதில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தெருவுக்கு வந்தவர் ஏட்டோ கான்ஸ்டபிளோ, எங்களுக்கு "ஏட்டையா". அதிகம் பேசமாட்டார். வெயில் நாளில் அம்மாவிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்து, சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போவார். அதை அம்மா எல்லோரிடமும் மெச்சிச் சொல்வாள்.

எட்டாம் நாள் காலை பதினொரு மணி வாக்கில் தெருக்கோடியில் இரண்டு மூன்று தடவை வெடிச் சத்தம் கேட்டது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால், ஆவடியில் பட்டாளத்துக்காரர்கள் சுட்டுப் பழகும் சத்தம் எங்களுக்குக் கேட்பது வழக்கம். அதுதான் என்று யாரும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஏட்டையா வந்தார். வழக்கமாக வரும் சைக்கிள் இல்லை. ஸ்டேஷன் வாசலில் காவல் நிற்பவர்கள் வைத்திருக்கும் நீளத் துப்பாக்கி தோளில் இருந்தது. எங்கேயோ பந்தோபஸ்து என்று நினைத்ததாக அம்மா பிறகு சொன்னாள்.

அவர் நோட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். வேப்பிலையைப் பார்த்து, "யாருக்கும்மா?" என்றார்.

"பெரியவளுக்கு, ஏட்டையா. நாளைக்குத் தண்ணி ஊத்துறோம்."

"சின்னது எங்க?"

"பக்கத்து ஊட்ல உட்டுக்கீறேன்."

தொப்பியைக் கழற்றி, வேப்பிலைக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜன்னல் வழியாக அதை நான் பார்த்தேன். பிறகு போய்விட்டார்.

அடுத்துக் கேட்ட சத்தத்தை ஆவடி என்று நினைக்க முடியவில்லை. அம்மா ஓடினாள். அதற்குள் அவர் பின்பக்கமாக ஏரிக்கரைக்குப் போயிருந்தார். கடைசிக் குண்டை அங்கே தனக்கே வைத்துக்கொண்டார். எங்கள் தெருவில் மட்டும் ஐந்து பேர். அதில் ராணி அத்தையும் மலரும் உண்டு. செத்தவர்கள் வீட்டு நோட்டுகளில் எல்லாம் அன்றைய கையெழுத்து ஒழுங்காக இருந்தது.

லீவு கொடுக்கவில்லை என்றார்கள், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றார்கள். எந்தக் காரணமும் எனக்குப் போதவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள், ஆத்தாதான் பெரியவளைக் காப்பாற்றினாள் என்றார்கள். அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அம்மா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. "நாந்தான் எடம் சொல்லி அனுப்புனேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த நோட்டு அந்த வீட்டில்தான் தொங்கியது, நீ சொல்லாவிட்டாலும் அங்கேதான் போயிருப்பார் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, மறுபடியும் அதையேதான் சொல்வாள்.

ஒன்பதாம் நாள் மலரை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் வீட்டில் எல்லோரும் தலை முழுகினோம். எனக்குத் தண்ணீர் ஊற்றியது அதுதான்.

இப்போது அந்தத் தெருவில் எல்லாம் அடுக்குமாடி வீடுகள். நோட்டும் போய்விட்டது, சுவரில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட ஸ்டிக்கரைப் போலீஸ்காரர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போகிறார். அம்மா பட்டாபிராமில் என்னோடு இருக்கிறாள். போன கோடையில் என் மகளுக்கு அம்மை போட்டது. சின்னவனைப் பிரித்து வையுங்கள் என்றார் டாக்டர். திருமுல்லைவாயிலில் இருக்கும் என் நாத்தனார் அவனை அழைத்துப் போக ஆட்டோவோடு வந்துவிட்டார். அம்மா கதவை மறித்து நின்றாள்.

"ஒட்டிக்கினா ஒட்டிக்கட்டும். ரெண்டும் என் கண்ணெதிர்லயே கெடக்கட்டும்."

இரண்டு வாரத்தில் சின்னவனுக்கும் போட்டது. அம்மா அவன் சட்டையைத் தூக்கி, முதுகில் கொப்புளங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.