சித்தப்பா வரைந்த நூல்

பழைய படங்களின் கீறலைக் கணினியில் துடைப்பதுதான் சித்தப்பாவின் பிழைப்பு. பொம்மைகள் ராக்கெட் ஓட்டும் பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றை டிவிடியாகப் போட, பொம்மைகளை ஆட்டும் நூல்களையெல்லாம் கண் பூத்துப்போக அழித்தார். முன்னோட்டம் பார்த்த ரசிகர்கள், ஏதோ கொலை விழுந்ததுபோலக் கூச்சல் போட்டார்கள்.

"நூல் இல்லாம என்னய்யா பொம்மை? திரும்பப் போடு" என்றார் முதலாளி. அசல் படச்சுருளோ ஏற்கெனவே உரிமையாளரிடம் திரும்பிப் போயிருந்தது; கணினியிலும் நூலுள்ள நகல் இல்லை.

கடுப்பில் சித்தப்பா கண்ணில் பட்ட கைக்கெல்லாம் நூல் வரைந்து தள்ளினார். பொம்மை விரல் மடங்காது என்று, பொத்தானை அழுத்தும் காட்சியில் மட்டும் அந்தக் காலத்திலேயே நிஜ மனுஷன் கையைக் காட்டியிருந்தார்கள். அதற்கும் நூல் விழுந்துவிட்டது. டிவிடி கடைக்குப் போன பிறகுதான் கவனித்தார். வேலை போச்சு என்றே முடிவு கட்டினார்.

சித்தி ஒரு ரசிகர் எழுதியதைச் சத்தமாக வாசித்தாள்: "அந்தக் கை ஒண்ணு போதும். இவ்வளவு தத்ரூபமா பொம்மை செய்ய இப்ப எவனுக்குத் தெரியும்?"