பகலில் பார்த்த வண்டி

மதராஸில் கார் விற்கிறவர்கள் கழுத்தில் டை கட்டியிருப்பார்கள். வண்டியைப் பற்றி ஏதாவது கேட்டால் கதவைத் திறந்து மூடிக் காட்டுவார்கள். ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு அப்பால் அவர்களுக்கும் வண்டிக்கும் சம்பந்தம் கிடையாது. புது வண்டிக்குப் பெயர் பதிந்துவிட்டு ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்துக்கிடந்த காலம் அது. தெரிந்துவைத்துக்கொண்டுதான் என்ன ஆகப்போகிறது?

காஞ்சிபுரத்தில் பழைய கார் விற்ற ஜீவந்தர நயினார் வேறு ரகம். திருப்பருத்திக்குன்றத்துச் சமணர். வண்டி பார்க்க வந்தவரை முதலில் அதன் அடியில் படுக்கச் சொல்வார். பட்டுக்கரை வேட்டிக்காரர்கள் தயங்கினால், தாமே படுத்து, அங்கிருந்தபடி குறைகளைச் சொல்லத் தொடங்குவார்: எண்ணெய் எங்கே கசிகிறது, எந்த மேட்டில் முனகும், மழை பெய்தால் எந்தக் கதவு அழும். மாப்பிள்ளையின் இருமலைப் பெண்வீட்டாரிடம் சொல்லிவிட்டுக் கல்யாணம் பேசுகிற தரகரை யார் பார்த்திருக்கிறார்கள்? அதனாலேயே ஊர் அவரிடம் வந்தது. நயினார் சொல்லாத குறை வண்டியில் கிடையாது என்பது நாளடைவில் ஊரின் நம்பிக்கையாகிவிட்டது. கொஞ்சம் அவருடைய நம்பிக்கையாகவும்.

விற்குமுன் ஒவ்வொரு வண்டியையும் சில நாள் தாமே ஓட்டிப் பார்ப்பார். பகலில் மட்டும். பொழுது சாய்வதற்குள் வண்டி கொட்டகையில் இருக்கும், நயினார் சாப்பிட்டு முடித்திருப்பார். பூச்சி விழுந்துவிடும் என்று இருட்டியபின் சாப்பிடாத குடும்பம். அந்த விதியை அவர் காருக்கும் நீட்டியிருந்தார். பகலில் எறும்பு சாகவில்லையா என்று டீக்கடையில் சீண்டுவார்கள்.

“எறும்பு கண்ணுக்குத் தெரிஞ்சா ஒதுங்கிப் போலாம்பா,” என்பார். “ராத்திரில அதுங்களே வெளிச்சத்தப் பாத்து வந்து மோதிக்குது. நான் எங்க ஒதுங்கறது?”

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் உமாபதி அவரிடம் ஒரு கறுப்பு வண்டி வாங்கினார். அடியில் படுத்தபடி நயினார் சொன்ன குறைகளையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். விளக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை. நயினார் தாமாகவே சுவிட்சைத் தட்டிக் காட்டினார். வெயிலில் மங்கலாக, ஆனால் எரிந்தது.

ஐப்பசியில் உமாபதி ராணிப்பேட்டையில் சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டு இருட்டில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். முசரவாக்கத்துப் பக்கம் ஒரு வளைவில் இரண்டு விளக்கும் ஒன்றாக அணைந்தன. வளைவில் புளியமரம் இருந்தது.

ஊர் காரணம் தேடியது. வண்டி எடுத்த அன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் சரியாக நசுங்கவில்லை என்றார் ஒருவர். மரத்தில் ஏதோ இருக்கிறது என்றார் இன்னொருவர். மறுவாரமே அந்த மரத்துக்கு மஞ்சள்துணி கட்டியாயிற்று, சூடம் விற்கவும் ஆள் வந்தாயிற்று. நயினாரை மட்டும் ஒருவரும் குறை சொல்லவில்லை. அவர்தான் சொல்லாத குறை இல்லாதவராயிற்றே.

அவர் நசுங்கிய வண்டியைத் தேடிப் போய் வழக்கம்போல அடியில் படுத்துப் பார்த்தார். பழைய சொந்தக்காரர் யாரோ விளக்குக் கம்பியை வெட்டித் துணி சுற்றி ஒட்டுப்போட்டிருந்தார். சும்மா தட்டிப் பார்த்தால் எரியும். வெகுநேரம் எரிந்தால் ஒட்டு சூடேறி விட்டுப்போகும். இருட்டில் ஒருமுறை வாலாஜாபாத் வரை போய் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

காரியம் முடிந்த மறுநாள் உமாபதியின் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி வடிவாம்பாள் தறிமேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒட்டுப்போட்ட கம்பியைப் பற்றி நயினார் ஒளிக்காமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள்.

“நீங்க அத ராத்திரில ஓட்டிப் பாத்தீங்களா, நயினாரே?”

“இல்லம்மா.”

“ஏன்?”

“பூச்சி சாவும்னு ஓட்டறதில்லம்மா.”

வடிவாம்பாள் தறியில் அறுந்து தொங்கிய ஓர் இழையை முடிந்தாள். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னாள்: “அதுங்களாவது பொழைச்சுதே.”

அதற்கப்புறம் நயினார் இருட்டில் ஓட்டத் தொடங்கினார். விற்க வந்த ஒவ்வொரு வண்டியிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு முசரவாக்கத்துப் புளியமரம் வரை போய்த் திரும்புவார். விடிந்ததும் விளக்குக் கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கும் ஈசல்களையும் விட்டில்களையும் ஈரத்துணியால் ஒவ்வொன்றாக எடுப்பார். வேறு யாரையும் தொடவிடமாட்டார். அன்று முழுநாளும் பட்டினி. மனைவி தயாவதி தொழிலை விட்டுவிடும்படி கேட்டுப்பார்த்தாள். விட்டால் இந்த வண்டிகளை வேறு யாராவது பகலில் பார்த்து விற்பார்கள் என்றார். அவளும் அவரோடு சேர்ந்து பட்டினி கிடந்தாள்.

வண்டி அதிகம் விற்க விற்க மனிதர் இளைத்துக்கொண்டே போனார். எதையும் கணக்குப் பார்க்கிற ஊர், அதற்கும் ஒரு பழமொழி செய்துகொண்டது: நயினார் இளைத்தால் வியாபாரம் கொழுத்தது என்று அர்த்தம். டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் அவரிடம் வாங்கிய வண்டியில்தான் ராத்திரிப் பயணம் போனார்கள். பத்திரமாகத் திரும்பியும் வந்தார்கள்.

கடைசிவரை அவர் குறைகளை அடியில் படுத்தபடியேதான் சொன்னார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டபின் ஒன்று மட்டும் நின்றபடி சொல்வார்:

“ராத்திரில ஓட்டிப் பாத்துட்டேன்.”

வாங்க வந்தவர்கள் தலையாட்டிவிட்டு, மைலேஜ் எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டார்கள்.