கழுவிக் கொடுத்த செம்பு

பழப்புளியும் சாம்பலும் சேர்த்துச் செம்பு தேய்க்கிற அந்தப் புளித்த மணத்தை இன்றைக்கும் நான் வீட்டுக்குள் விடுவதில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் ஆண்ட முப்பதுகளில் ஒரு மாரி முடிந்த கையோடு, புகையிலைக் கன்று நடுவதற்காக வலிகாமத்தில் எங்கள் செம்பாட்டு மண் தோட்டத்தை என்னைப் பெற்ற ஐயா கொத்தியபோது, களிம்பேறிய பழஞ்செம்பு ஒன்று மண்வெட்டியில் தட்டுப்பட்டது. உள்ளே வாய்வரை மண்தான். நிலத்துக்கடியில் பழம்பொருள் கண்டால் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும், ஒளித்தால் குற்றம் என்று ஊர் அதிகாரியான விதானையார் ஊரில் பறையடித்துச் சொல்லியிருந்தார். ஐயா சட்டத்துக்கு அஞ்சியவர் என்பதைவிட, பிறர் பொருளைத் தொடக் கூசியவர் என்பதே சரி. "இது எங்கடை சாமான் இல்லை, குடுத்திடுவம்" என்றார். கண்டதைக் கிடந்தபடியே விட வேண்டும் என்றுமட்டும் எந்தப் பறையும் சொல்லவில்லை.

அம்மாவோ இரவல் பாத்திரத்தைக்கூட விளக்காமல் திருப்பிக் கொடுக்காதவள். "பெரிய இடத்துக்குப் போறது, ஊத்தையோடை குடுக்கிறதே?" என்று மண்ணைக் கொட்டி, மத்தியானம் முழுக்க இருந்து தேய்த்தாள். கழுத்தடியில் மங்கலாகத் தெரிந்த எழுத்துகளும் களிம்போடு போய்விட்டன.

ஐயா அறிவித்ததும் அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த உத்தியோகத்தர் செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே கிடந்தது எங்கே என்று கேட்டார். மண்தான் கிடந்தது என்றார் ஐயா.

"வெறும் மண் கிடந்த செம்பை ஏன் காணும் கழுவினீர்?"

கூட வந்தவர்கள் புதையல் தேடி வீட்டுக்குள் நுழைந்தார்கள். அடுப்படியைக் கிண்டினார்கள், நெற்பெட்டியைக் கவிழ்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. தோட்டத்தில் மண்வெட்டி வைக்கக்கூடாதென்று கட்டளையிட்டுப் போனார்கள். கன்றுகள் நாற்றுமேடையிலேயே முற்றிப் பழுத்தன. வழக்காவது போட்டிருக்கலாம், விடுதலை என்ற ஒரு சொல்லாவது கிடைத்திருக்கும். "நெருப்பில்லாமல் புகையுமோ" என்றது ஊர். அக்காவுக்குக் கொழும்புத்துறையில் பேசியிருந்த சம்பந்தம் நின்றுபோனது. வாழ்நாளில் பிறர் தோட்டத்துத் தேங்காயைக்கூடப் பொறுக்காத மனிதர், "செம்புக் கள்ளன்" என்ற பேரோடு செத்தார். அதை நான் மன்னிக்கவில்லை.

ஊரவர் கெட்டிக்காரர், பாடம் படித்துக்கொண்டார்கள். அதன்பிறகு கிணறு வெட்டும்போது பானையோ மணியோ காசோ எது தட்டுப்பட்டாலும் "மூடு, மூடு" என்று மண்ணைத் தள்ளினார்கள், செப்பென்றால் உருக்கினார்கள். நமக்கு முன்னே இந்த மண்ணில் யார் யாரோ வாழ்ந்த தடம் அப்படியே நொறுங்கிப் போயிற்று.

போன மாதம் பழம்பொருள் ஆராய்கிற இளைஞர் ஒருவர் வீடு வீடாக வந்தார். கண்டதைத் தொடாமல் அறிவிப்பது பொதுமக்கள் கடமை என்று மிகவும் பணிவாக விளக்கினார். நல்ல பிள்ளை; தேத்தண்ணி கொடுத்தேன். இவ்வளவு பழைய ஊரில் ஒருவருமே ஒன்றும் கண்டதில்லையா என்று அவர் மனம்நொந்து கேட்டார்.

"இல்லைத் தம்பி," என்றேன். "இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் காணேல்லை."