பந்த் என்றால் கடையடைப்பு

டெல்லிக்கு வந்து ஒன்பது வருஷமாகியும் விஜயலக்ஷ்மிக்கு ஹிந்தியில் சரளமாக வந்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: அச்சா. காய்கறிக்காரன் விலை சொன்னால் அச்சா. பால் டிப்போவில் இன்றைக்குப் பால் இல்லை என்றால் அதற்கும் ஓர் அச்சா. அவள் வாயில் அதற்கு ‘ஓகோ, அப்படியா’ என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. அதை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டாள், கெட்டிக்காரி.

கணவர் ராஜாராமனுக்குத் தணிக்கை உத்தியோகம். மாதத்தில் பாதி நாள் வெளியூர். மீதி நாட்களில் மனிதர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பார். குழந்தை இல்லை. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால், தன் வீட்டுக்குத்தானோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். எதிர்வீட்டுக் கதவுதான் திறக்கும்.

அவளோடு தமிழ் பேச வருகிற ஒரே ஜீவன் செங்கம்மாள். காலனியின் பின்மதில் ஓரிடத்தில் இடிந்து கிடந்தது. அதற்கு அப்பால் குடிசைகள். சேலத்துப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அந்தச் சந்து வழியாக வந்து செங்கம்மாள் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போவாள். அவளை இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பதற்காக, சுத்தமான பாத்திரத்தையும் எடுத்து அழுக்கோடு போட்ட நாட்கள் உண்டு.

எழுபத்தெட்டாம் வருஷக் குளிர்காலத்தில் காலனியில் இரண்டு சைக்கிள்கள் திருட்டுப் போயின. குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டது. செயலாளர் கன்னா முற்போக்கான மனிதர். ஆண்கள் மட்டும் முடிவெடுத்தது போதும், பெண்களையும் கேட்போம் என்றார். ராஜாராமன் ஜெய்ப்பூரில் இருந்தார். விஜயலக்ஷ்மி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். இதுவரை அவளை யாரும் எதையும் கேட்டதில்லை.

பூங்காவில் வெயிலில் நாற்காலி போட்டிருந்தார்கள். கன்னா ஹிந்தியில் வேகமாகப் பேசினார். ‘பந்த், பந்த்’ என்பது மட்டும் பிடிபட்டது. பந்த் என்றால் அவளுக்குக் கடையடைப்பு. அதற்கென்ன, நாலு உருளைக்கிழங்கை முன்னாலேயே வாங்கி வைத்தால் போயிற்று. கன்னா ஒவ்வொருவராகக் கேட்டு வந்து அவள் முன் நின்றார்.

“பஹன்ஜி, ஆப்?”

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கூச்சமாகச் சிரித்தாள். “அச்சா, அச்சா.” கன்னா அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் கொத்தனார் செங்கல்லோடு வந்தபோதுதான், அடைக்கப் போவது கடையை அல்ல, பின்மதிலின் இடிந்த இடத்தை என்று புரிந்தது. செங்கம்மாள் வரவில்லை. மெயின் ரோட்டைச் சுற்றி வந்தால் மற்ற வீட்டு வேலை கெட்டுவிடும்.

ஊர் திரும்பிய ராஜாராமன் சிரித்தார். “தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னா? வேற ஆளைப் பாத்துக்கோ.”

பாத்திரத்துக்கு வேறு ஆள் கிடைப்பாள். பேச்சுக்கு? அன்று முழுக்க அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. மறுநாள் அவளே மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு குடிசைக்குப் போனாள்.

“வாங்கம்மா,” என்றாள் செங்கம்மாள். உட்காரச் சொல்லவில்லை. “அடைக்கச் சொல்லி நீங்களும் அச்சா சொன்னீங்களாமே?”

“சத்தியமா எனக்குப் புரியலை, செங்கம்மா. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனா?”

“இருக்கட்டும்மா. புரியாத உங்களையாச்சும் கேட்டாங்க. தெனம் நடக்கறவங்க நாங்க. எங்கள யாரு கேட்டாங்க?”

கோபத்தில் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போய்விட்டாள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ராஜாராமனும் வந்திருந்தார். விஜயலக்ஷ்மி எழுந்து நின்றாள். அடுப்படியில் சொல்லிச் சொல்லிப் பழகிய ஹிந்தி வாக்கியம் முழுசாக வந்தது: சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள், அதற்கப்புறம் அடைப்பு இருக்கட்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

யாரோ சிரித்தார்கள். கன்னா சிரிக்கவில்லை. முறைப்படி, ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார்.

அவள் தூக்கினாள். சுற்றிப் பார்த்தாள். வேறு ஒரு கையும் இல்லை. பக்கத்து நாற்காலியில் ராஜாராமன் இரண்டு கைகளையும் சால்வைக்குள் வைத்திருந்தார்.

“இறக்கு,” என்றார் மெதுவாக. “எல்லாரும் பாக்கறா.”

கன்னா எண்ணி எழுதி முடிக்கும்வரை அவள் கையை இறக்கவில்லை.