ஒரு மரத்துக்கு ஓர் இலை

பலாக் கொழுந்தைக் கிள்ளினால் வடியும் பால் விரலில் கறுத்துக் காய்ந்துவிடும். தேங்காய் எண்ணெய் பூசித் தேய்த்தாலும் இரண்டு நாளைக்குப் போகாது. ஏழாம் வகுப்பில் இலைக் கொப்பி தயாரித்த வாரம் முழுவதும் கலகெதரையில் எங்கள் வீட்டுக் கதவுப் பிடியெல்லாம் என்னால் பிசுபிசுத்தது.

கொப்பிக்கு விதி ஒன்றுதான்: ஒரு மரத்துக்கு ஓர் இலை. நான் பலாவுக்கு மட்டும் இரண்டு ஒட்டினேன். பள்ளிக்கூடத் தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெரிய பலாவின் கிளை இலைகள் வெட்டில்லாமல் முட்டை வடிவில் மினுங்க, அடிமரத்தில் புதிதாகக் கிளம்பிய தளிரிலோ ஈரப்பலா என்னும் சீமைப்பலாவைப்போல விரல் விரலாகப் பிளந்த இலைகள் இருந்தன. பலாவும் ஈரப்பலாவும் ஒரே குடும்பத்து மரங்கள். ஈரப்பலா அந்தப் பிளவுகளைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறது, பலா இளமையில் காட்டிவிட்டு வளர்ந்ததும் விட்டுவிடுகிறது. அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. கண்டதை எழுதினேன்: "இரண்டும் ஒரே மரம்."

விஞ்ஞான ஆசிரியர் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டார்.

"ஈரப்பலா இலையப் பிச்சு ஒட்டிட்டு, பலாவாம்! யாருக்குடா காது குத்துற?"

"மரம் குழாயடியிலதான் ஈக்கி. வந்து பாருங்க சேர்."

"நான் வந்து பாக்கணுமா? புத்தகத்துல படம் இருக்கு. அதுல வெட்டு இல்ல."

குழாயடிக்கு முப்பது எட்டு வைத்தால் போதும். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. பொய் எழுதியதற்கு மன்னிப்புக் கடிதம், தகப்பன் கையொப்பத்துடன் வர வேண்டும். அதுவரை வகுப்புக்குள் வரக் கூடாது.

வாப்பாவுக்கு அந்த மரத்தை என்னைவிட நன்றாகத் தெரியும். அதன் பிஞ்சில் ஆக்கிய "பொலொஸ்" கறியைத்தான் அன்று பகலும் தின்றிருந்தோம். உம்மா சட்டியைக் காட்டினார்.

"மரம் இந்தா சட்டிக்குள்ள ஈக்கி. புள்ள பொய் சொன்ன எண்டு சைன் வெக்கப் போறீங்களா?"

"சேரோட என்னத்துக்கு வம்பு? ஒரு சைன்தானே."

வைத்தார். கீழே நானும் வைத்தேன். என் வாழ்க்கையில் நான் கையொப்பமிட்ட முதல் ஆவணம் ஒரு பொய்.

பிற்காலத்தில் கண்டியில் காணிக் கந்தோர் ஒன்றில் வேலை பார்த்தேன். இடத்தைப் பார்க்காமல் எழுதிய அறிக்கை எதையும் நான் ஏற்றதில்லை. "எழும்பிப் பாருங்க" என்று எனக்குப் பட்டம் வைத்திருந்தார்களாம். வைக்கட்டும்.

ஓய்வுபெற்ற பிறகு, சென்ற மாதம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பள்ளி நடப்புகளைப் பதிந்துவைக்கும் சம்பவத் திரட்டில் என் "குற்றம்" பதிவாகியிருக்கிறது. அதன் கீழே ஒரு திருத்தக் குறிப்பு வேண்டும், அதற்கு முன் மரத்தை நேரில் பார்வையிட வேண்டும் என்று மூன்று பிரதிகளில் எழுதிக் கொடுத்தேன். இளம் அதிபர் சிரிக்கவில்லை. "வாங்க சேர், பாப்போம்" என்று எழும்பி வந்தார்.

குழாயடியில் வாகனத் தரிப்பிடம். மரத்தை வெட்டியிருந்தார்கள். ஓரத்தில் அடிக்கட்டை; அதைச் சுற்றிக் கிளம்பிய தளிர்களில் ஒவ்வோர் இலையும் விரல் விரலாகப் பிளந்திருந்தது. அதிபர் குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"கோவிக்க வாணாம் சேர்... இது ஈரப்பலாதானே?"

மறுக்க, வெட்டில்லாத ஒரேயொரு இலை போதும். நிமிர்ந்து பார்த்தேன். கிளைகள் இருந்த இடத்தில் பள்ளி வேன் ஒன்றின் கூரைதான் தெரிந்தது. சம்பவத் திரட்டை மட்டும் கறையான் அரிக்காமல் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.