விண்ணுக்குப் போகும் பெட்டி

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை ‘இரைச்சல் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மின்கருவிகள் கசியவிடும் மின்காந்த இரைச்சலை அளப்பது அவள் வேலை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

ஒருநாள், கூடத்தை நடத்தும் அவளுடைய அண்ணன் ஒரு பவர் சப்ளை பெட்டியை அவள் முன் வைத்தார். செயற்கைக்கோளில் பொருத்தப்போகும் பெட்டி.

“கடைச் சாமானுக்குப் பண்ற டெஸ்ட்ல இது பாஸாயிடுச்சு. கையெழுத்துப் போட்டுடும்மா.”

“அது மூணு மீட்டர் தள்ளி ஆன்டெனா வெச்சுப் பாத்தது அண்ணா. பக்கத்து வீட்டு ரேடியோ கரகரன்னு கத்தாம இருந்தா போதும்னு வெச்ச அளவு. மேல இதுக்குப் பக்கத்துலயே ரிசீவர் இருக்கும். ஒரு மீட்டர்ல வெச்சு, சின்ன முணுமுணுப்பைக்கூடத் தேடணும்.”

“பெட்டியைச் செஞ்சவங்களே இதைக் கேக்கல. நீ ஏன் வம்பை விலைக்கு வாங்குற?”

“அப்ப நீங்களே போட்டுக்குங்க. நான் போட மாட்டேன்.”

சொன்னதோடு நிற்காமல் பெட்டியைத் தூக்கிப்போய், செப்புத் தகடு விரித்த மேசையில் பொருத்தி, வெளி அலைகள் நுழையாத சோதனை அறையின் இரும்புக் கதவைச் சாத்தினாள். பூமியிலிருந்து வரும் கட்டளையைச் செயற்கைக்கோள் கேட்கும் அதே அலைவரிசையில், அளவுக்கருவியின் திரையில் இரைச்சல் ஒரு கூர்முனையாக எழுந்து நின்றது. அண்ணனும் பார்த்தார்.

“திருப்பி அனுப்பினா வேற லேபுக்குப் போயிடுவாங்க.”

“போகட்டும். மேல போனதுக்கப்புறம் ஏணி போட்டு ஏறியா ரிப்பேர் பண்ணுவாங்க?”

பெட்டி திரும்பிப் போனது. செய்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இரைச்சலை வடிகட்டும் ஒரு ஃபில்டர் வைத்தார்கள், கூர்முனை அடங்கியது. அண்ணன் மட்டும் வெகுநாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் சமாதானத்துக்குப் போகவில்லை.