மரம் மிஞ்சாத படகு

காலை ஆறு மணி நாற்பது. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் குளக்கரையிலிருந்து வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். அதனால் நேரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஏழு ஐந்துக்கு எதிர்க்கரையில் மகள் பாடசாலைக்குப் போகும் பண்டாரவளை பஸ். அவளுடைய மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலம் அடுப்படியிலேயே தங்கிவிட்டது. "நீ ஏறி உக்காரு, அம்மா ஒரே ஓட்டத்துல வந்துர்றேன்" என்றேன். என் கையிலிருந்த இரண்டு துடுப்புகளில் ஒன்றை அவள் வாங்கிப் படகுக்குள் வைத்தாள். மற்றதைக் கரைப் புல்லில் போட்டேன்.

பொட்டலத்தோடு திரும்பியபோது கரையில் படகு இல்லை. பனிமூட்டம் தண்ணீர் மேல் படிந்து கிடந்தது, கை நீட்டினால் விரல் மறையும் அளவுக்கு. கரையில் அடித்திருந்த முளையில் கயிறு கட்டியது கட்டியபடியே இருந்தது. அதன் மறுமுனை தண்ணீருக்குள் கிடந்தது. இழுத்தேன். இரும்பு வளையம் வந்தது. அதோடு, ஒரு முழ நீளத்துக்கு உடைந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டியும் வந்தது.

அந்தப் பட்டியைப் போடச் சொன்னவள் நான்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. நமுனுகுல மலைப்பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலை ஆலைக்கு மின்சாரம் எடுப்பதற்காக இரண்டு மலைகளுக்கு நடுவே ஓடையை மறித்து ஒரு குளம் கட்டியிருந்தார்கள். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களும் ஆலையும் பாடசாலையும் பஸ் பாதையும் ஒரு கரையில். எனக்குக் கொடுத்த வீடு மறுகரையில். முன்பு தோட்டத்து உதவி மேலாளர், சின்னத்துரை ஒருவர் இருந்த வீடு. மற்ற யாரும் வேண்டாம் என்றதால் எனக்குக் கிடைத்தது. படகில் ஐந்து நிமிடம். சுற்றி நடந்தால் முக்கால் மணிநேரம், அட்டைக்கடியோடு. கணவர் கொழும்பில் ஓர் அச்சகத்தில் வேலை செய்தார். மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் அந்தக் கரையில் நானும் பதினொரு வயது மகளும் மட்டும். சாயங்காலம் படகைக் கட்டிவிட்டு, துடுப்புகளைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவோம். துடுப்பைக் கரையில் விட்டால், விறகு பொறுக்க வருகிறவர்கள் கையில் பட்டு யார் வீட்டு அடுப்பிலாவது எரிந்துவிடும்.

லயத்தில் பிறந்து, பதுளையில் படித்து, டீச்சராகத் திரும்பி வந்தவள் நான். லயத்துக்காரர்கள் என்னோடு மரியாதையாகப் பேசுவார்கள். மரியாதைக்கு மேல் பேச மாட்டார்கள். ஆலை உத்தியோகத்தர் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். உட்காரச் சொல்ல மாட்டார்கள். எதிர்க்கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதை எத்தனையோ முறை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பழைய துரை ஒருவர் மீன் பிடிக்க வாங்கிய படகு அது. உடல் முழுக்க ஃபைபர். விளிம்பைச் சுற்றிலும், உட்காரும் பலகையின் ஓரங்களிலும், முன்னால் கயிறு கட்டும் இடத்திலும் மட்டும் மரம். அந்த மரம்தான் என் வேலை. வருடத்துக்கு இரண்டு முறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்க வேண்டும். அடித்த வார்னிஷ் மழைக்காலம் முடிவதற்குள் செதில் செதிலாக உரிந்துவிடும். ஒருமுறை பின்பக்க மூலையில் காளான் முளைத்திருந்தது. மகளின் உள்ளங்கையில் சிலாம்பு ஏறிப் பழுத்து, தோட்டத்து ஆஸ்பத்திரியில் கீறி எடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பண்டாரவளையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் அந்த வெள்ளைப் பட்டிகளைக் கண்டேன். கூரைத் தட்டின் ஓரத்துக்குப் போடுவதாம். "தண்ணியில ஊறாது, கறையான் தின்னாது, பெயின்டே வாணாம். சீலைத் துணியால ஒரு தொடை தொடைச்சாப் போதும்" என்றார் கடைக்காரர். எனக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பஸ்ஸில் பட்டிகளை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தபடி வந்தேன்.

பொருத்தியவர் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்களைப் பார்க்கும் அண்ணன். பெப்ரவரி மாதம், நல்ல வெயில். படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, பழைய மரத்தைப் பெயர்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்.

"பைப்பு மாமா, இது பைப்பு இல்ல, போட்டு" என்றாள் மகள்.

"ரெண்டுலயும் தண்ணிதானே பாப்பா பிரச்சன. அங்க உள்ள இருக்கிறது வெளிய வரக்கூடாது, இங்க வெளிய இருக்கிறது உள்ள வரக்கூடாது. அவ்வளவுதான் வித்தியாசம்."

முன்முனைக்கு வந்ததும் கை நின்றது. விளிம்புக்கு அடியில், வளையத்தைத் தாங்கி, ஒரு சாண் நீள மரக்கட்டை.

"டீச்சரம்மா, இந்தக் கட்டைய மட்டும் விட்டுருவோமுங்க. இதுலதான் வளையம் புடிச்சிருக்கு."

அந்தக் கட்டையைக் குனிந்து பார்த்தேன். ஓரம் கறுத்திருந்தது.

"உளுத்துப் போச்சேண்ணே."

"மேலாக்கத்தான். உள்ள நல்லாத்தான் இருக்கு."

"வேணாம்ண்ணே. இத விட்டா திரும்ப வார்னிஷ், திரும்பத் தேய்ப்பு. மரம்னு ஒண்ணுமே இருக்கக்கூடாது."

அவர் மகளைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஒங்கம்மாவுக்கு மரம்னா ஆகல. எங்க வீட்டுக்காரிக்கு என்னையக் கண்டா ஆகாத மாதிரி. அவளும் இப்படித்தான், ஒண்ணுமே மிச்சம் வைக்க மாட்டா."

கட்டையைப் பெயர்த்தார். வளையத்தைப் பட்டியின் மேலேயே வைத்து நான்கு திருகாணிகள் போட்டார். விளிம்பு நெடுகிலும் சாண் ஒன்றுக்கு ஓர் ஆணி. ஒவ்வொன்றையும், இனித் திரும்பாது என்று கை சொல்லும்வரை முறுக்கினார். இருபது வருடம் குழாய் பொருத்தியவர். சொட்டு ஒழுகாமல் இறுக்குவதுதான் அவருக்குத் தெரிந்த நல்ல வேலை. "இறுக்குனா இறுக்குனதுதான்" என்று கடைசி ஆணியைத் தட்டினார்.

பிளாஸ்டிக் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும், மரத்தைவிடப் பல மடங்கு என்பதை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆணித் துளையைப் பெரிதாக விட்டு, அது அசைய இடம் கொடுத்துப் பொருத்த வேண்டுமாம். வெயிலில் நீண்டிருந்த பட்டியை நாங்கள் அசையவிடாமல் அறைந்துவிட்டோம். மார்கழிக் குளிர் வந்ததும் அது சுருங்கப் பார்த்திருக்கிறது. முடியாமல் ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் மெல்லிய கீறல் விட்டிருக்கிறது. கீறல்கள் என் கண்ணிலும் பட்டன. துணியால் துடைத்தபோது கறுப்புக் கோடுகள் போகவில்லை. அழுக்கு என்று நினைத்து சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. குழாய்க்கார அண்ணன் பிறகு பல தடவை என்னிடம் வருத்தப்பட்டார். ஒருமுறைகூட அந்தக் கட்டையைப் பற்றி அவர் பேசவில்லை. அவர் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

உடைந்த பட்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். பத்து நாள் மழைக்குப் பிறகு குளம் நிரம்பி, அணைக்கட்டின் ஓரத்தில் மிஞ்சிய தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அந்த இடத்தை வான் என்போம். வானுக்கு அந்தப் பக்கம் நாற்பது அடிப் பள்ளம், முழுக்கப் பாறை. தண்ணீர் விழும் இரைச்சல் எனக்கு இடப்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. குளத்தின் இழுப்பு முழுவதும் அந்தத் திசையில்தான்.

"பாப்பா!" என்று கத்தினேன்.

"அம்மா!" பனிக்குள்ளிருந்து பதில். பயப்படாத குரல். "கயிறு அவுந்துருச்சும்மா! ஒரு துடுப்புதான் இருக்கு!"

"முட்டி போட்டு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் தள்ளு! அம்மா சத்தம் வர்ற பக்கமா வா!"

"வர்றேன்!"

கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவளும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஐந்தாறு தடவைக்குப் பிறகு அவள் குரல் சின்னதாகியிருப்பதைக் கவனித்தேன். அதோடு இடப்பக்கமாகவும் போயிருந்தது. துடுப்புத் தள்ளும் சத்தம் கேட்கிறது, அவள் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறாள், ஆனாலும் தூரப் போகிறாள். இழுப்பு அவ்வளவு பலமா என்று யோசித்துக்கொண்டே மறுபடி கூப்பிட்டேன். அப்போது என் குரலே எனக்குத் திரும்பக் கேட்டது.

வானுக்கு மேலே செங்குத்தான பாறை ஒன்று இருந்தது. நான் கூப்பிடுவது அதில் மோதித் திரும்புகிறது. குளத்தின் நடுவில், ஒன்றும் தெரியாத வெள்ளைக்குள் இருக்கும் பிள்ளைக்கு, அந்தக் குரல் பாறைப் பக்கமிருந்துதான் பெரிதாகக் கேட்டிருக்கும். அவள் அம்மாவின் குரலை நோக்கித்தான் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடக் கூப்பிட வானை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

"திரும்பு! அந்தப் பக்கம் போகாத!" என்று ஒருமுறை கத்தினேன். அதுவும் பாறையிலிருந்துதான் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். "எந்தப் பக்கம்மா?" என்று கேட்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

உதவிக்குக் கூப்பிடவும் ஆள் இல்லை. அது பெரட்டு நேரம். எதிர்க்கரை லயத்து ஆட்களெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் பெரட்டுக்களத்தில் கூடி, கங்காணி பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதற்காக நின்றிருப்பார்கள். கரையோரப் பாதையில் அணைக்கட்டுப் பக்கம் ஓடினேன். முதல் வளைவிலேயே மழைக்கு மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. ஏறப் பார்த்தேன்; இடுப்புவரை சேற்றில் இறங்கி, ஒரு தேயிலைச் செடியைப் பிடித்து வெளியே வந்தேன். நீந்தத் தெரியாது. மறுபடி முளையடிக்கே வந்து நின்றேன். ஒருவேளை அவள் திரும்பி வந்தால் கரையில் ஆள் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அம்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, எங்க இருக்க?"

சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன்.

"அம்மா, கூப்புடேன்."

அதற்கு எத்தனை முறை பதில் சொல்லாமல் இருந்தேன் என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் இப்போது அந்த எண்ணிக்கையும் என்னோடு இருந்திருக்கும். கடைசியாகக் கேட்டது வார்த்தை இல்லை, அழுகை. பிறகு அதுவும் நின்றது. தண்ணீர் விழும் இரைச்சல் மட்டும் இருந்தது. என் வாழ்க்கையில் தனிமை என்று நான் அதற்கு முன்பு நினைத்திருந்ததெல்லாம் வேறு ஏதோ ஒன்று. கணவர் இல்லாததும், அக்கரை விளக்குகளும், சிரித்துவிட்டு உட்காரச் சொல்லாத பெண்களும், எதுவும் இதில் சேர்த்தி இல்லை. ஒரு கரையில் நின்றுகொண்டு, பெற்ற பிள்ளைக்கு இருக்கிறேன் என்று சொல்லாமல் இருந்தேன். சரியாகத்தான் செய்கிறேனா என்று கேட்க ஒரு மனிதர் இல்லை.

ஏழு ஐந்துக்கு பஸ் எதிர்க்கரையில் ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்தது. குளத்தில் எங்கும் படகு தெரியவில்லை. நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு மணி இருக்கும். எனக்குப் பின்னால், வீட்டுக்கு மேலே உள்ள தேயிலைக்குள்ளிருந்து செடி விலகும் சத்தம். மண்சரிவைச் சுற்றி மலை ஏறி இறங்கி, ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். முதுகில் கொழுந்துக்கூடை. லயத்தில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கை உடம்பு முழுக்கச் சுற்றியபடி என் மகள்.

அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"பெரட்டுக்குப் பிந்திட்டேன்னு கங்காணி வெரட்டிவிட்டுட்டாரு டீச்சரம்மா. இன்னைக்கு வேலை இல்ல, வீட்டுக்குப் போன்னாரு. அவரு வாயில மண்ணப் போடன்னு திட்டிக்கிட்டே வெறகு பொறக்க அணைக்கட்டுப் பக்கம் வந்தேன். பார்த்தா வானுக்கு இந்தாண்ட கோரையில போட்டு மாட்டிக்கிட்டு ஆடுது. உள்ள புள்ள. கூடைக் கயித்த அவுத்து வீசினேன், கெட்டிக்காரி, மொத வீச்சுலயே புடிச்சுக்கிட்டா. நாளைக்கு அந்தக் கங்காணிக்கு ஒரு கும்புடு போடணும், வேற என்ன செய்ய." பிறகு என் சேறு படிந்த சேலையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எந்திரிங்க. அடுப்பு எங்க இருக்கு? நான் போய்த் தேத்தண்ணி வைக்கிறேன்."

மகளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அவள் அணைக்கவில்லை. படங்குக்குள் கைகளை மடக்கியபடியே நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா கூப்புடுறத நிறுத்துன?" என்றாள். "நீ வீட்டுக்குப் போயிட்டன்னு நெனச்சேன்."